மூளையில் வெள்ளைத் திட்டுகள்: சீலிங்கில் ஈரம், கசிவு எங்கே?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது தெரிந்த அண்ணன் ஒருவர் என்னை நிறுத்தினார். வயது 67. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் மடித்து மடித்துக் கசங்கிய ஒரு தாள்.

"ஏம்மா, நீ ஸ்கேன் ரூம்லதானே இருந்த? இதைக் கொஞ்சம் பாரு. மூளை பூரா புண்ணுன்னு எழுதியிருக்காங்களாம்."

தாளில் புண் என்று எங்கும் இல்லை. மூளையின் இரு பக்கமும் வெண்பொருளில் பல திட்டுகள் தெரிகின்றன, சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பாக இருக்கலாம், நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்கவும் என்றுதான் இருந்தது. ஆனால் அவர் வீட்டில் அதற்குள் மூன்று தீர்ப்பு வந்துவிட்டது. மகன் இணையத்தில் தேடி, இளவயதினருக்கு வரும் ஒரு நரம்பு நோயின் பெயரைக் கண்டுபிடித்திருந்தார். மனைவியின் அக்கா "மூளையில் புண், ஆபரேஷன் வேண்டியிருக்கும்" என்றாராம். பக்கத்து வீட்டுக்காரரோ "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், விடுங்க" என்றிருக்கிறார்.

எம்ஆர்ஐ அறையில் 22 ஆண்டு படம் எடுத்தவள் நான். படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது கதிரியக்க மருத்துவரின் வேலை, என் வேலை அல்ல. ஆனால் இந்த மூன்று பேச்சையும் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். மூன்றும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. வெள்ளைத் திட்டு என்பதை எல்லாரும் ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். அது நோயின் பெயர் அல்ல. ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கான தடயம்.

வெண்பொருள் என்றால் என்ன?

நம் எம்ஆர்டி ரயில் வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நிலையங்கள் இருக்கின்றன, நிலையங்களை இணைக்கும் தடங்கள் இருக்கின்றன. மூளையிலும் அப்படித்தான். யோசிப்பது, பார்ப்பது, கையை அசைக்கச் சொல்வது போன்ற வேலைகளைச் செய்யும் நரம்பணுக்களின் உடல்கள் பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்காகவும், ஆழத்தில் சில திரள்களாகவும் இருக்கின்றன. இதைச் சாம்பல்பொருள் என்கிறார்கள். இவை நிலையங்கள்.

இந்த அணுக்களிலிருந்து நீளமாக ஓடும் இழைகள்தான் தடங்கள். பெரிய மூளையின் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதி இந்தத் தடங்களே. ஒவ்வோர் இழையையும் சுற்றிக் கொழுப்பு நிறைந்த ஓர் உறை இருக்கிறது. அதற்கு மையலின் என்று பெயர். கொழுப்பு வெளுப்பாக இருப்பதால் வெட்டிப் பார்த்தால் இந்தப் பகுதி வெண்மையாகத் தெரியும். ஆகவே வெண்பொருள்.

உறை வெறும் போர்வை அல்ல. மையலின் இல்லாத மெல்லிய இழையில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நகரும். நன்றாக உறையிட்ட தடித்த இழையில் நொடிக்கு 100 மீட்டர் வரைகூடப் போகும். ரயில் ஓடினால் போதாது, நேரத்துக்கு ஓட வேண்டும் இல்லையா? வெண்பொருள் பரவலாகக் கெடும்போது பெரும்பாலும் முதலில் குறைவது வேகம்தான். கேள்வி கேட்டால் பதில் சரியாக வரும், ஆனால் தாமதித்து வரும். நடை சிறு சிறு அடியாகிவிடும். சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாது, கழிவறைக்கு அவசரமாக ஓட வேண்டியிருக்கும். இதையெல்லாம் "அப்பா சோம்பேறியாயிட்டார்" என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனம் வலிக்கும்.

படத்தில் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது?

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் எடுத்துவிடுகிறேன். வெண்பொருளின் வெண்மை வேறு, படத்தில் தெரியும் திட்டின் வெண்மை வேறு. இந்தத் திட்டுகளைத் தேடும் எம்ஆர்ஐ படத்தில் ஆரோக்கியமான வெண்பொருள் கரும்சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். கெட்டுப்போன இடம் மட்டும் அதன் நடுவே பளிச்சென்று தெரியும்.

காரணம் தண்ணீர். எம்ஆர்ஐ என்பது எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லாத கருவி. வலிமையான காந்தத்தையும் ரேடியோ அலையையும் கொண்டு, முக்கியமாக உடலிலுள்ள தண்ணீரின் ஹைட்ரஜனிடமிருந்து சமிக்ஞை வாங்கிப் படமாக்குகிறது. உறை சிதைந்தாலோ, அழற்சியால் வீங்கினாலோ, ரத்தக்குழாயின் சுவர் வழியே நீர் கசிந்தாலோ அந்த இடத்தில் வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் சேர்ந்துவிடும். அந்தத் தண்ணீர்தான் மின்னுகிறது.

ஆனால் மூளைக்கு நடுவிலும் சுற்றிலும் இயற்கையாகவே ஒரு திரவம் இருக்கிறது. அதை மூளைத் தண்டுவட நீர் என்பார்கள். அதுவும் சேர்ந்து மின்னினால் பக்கத்திலுள்ள சிறு திட்டு மறைந்துபோகும். அதனால் அந்த நீரின் ஒளியை மட்டும் அணைத்துவிட்டு, திசுவுக்குள் சிக்கிய தண்ணீரைக் காட்டும் ஒரு படமுறையை 1992இல் லண்டன் ஆய்வாளர்கள் கொண்டுவந்தார்கள். பெயர் ஃபிளேர். உங்கள் அறிக்கையில் இந்தச் சொல் இருந்தால் அதன் பொருள் இவ்வளவுதான்.

அறிக்கையில் வரும் லீஷன் என்ற சொல்லையும் இங்கேயே தீர்த்துவிடலாம். காயம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. மருத்துவத்தில், இயல்புக்கு மாறாகத் தெரியும் எந்த இடமும் லீஷன்தான். சீழ் பிடித்த புண் என்றோ புற்று என்றோ அதற்குப் பொருள் இல்லை. "மூளையில் புண்" என்ற பயம் முழுக்க இந்த மொழிபெயர்ப்பிலிருந்து பிறந்தது.

இதுவரை பார்த்தது: வெண்பொருள் என்பது இணைப்புத் தடம். அதில் ஓரிடத்தில் தண்ணீர் கூடினால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஏன் கூடியது என்பதை அந்த வெள்ளை நிறம் தானாகச் சொல்லாது.

ஈரம் ஒன்று, காரணம் பல

வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு நாள் காலையில் சீலிங்கில் ஈரத் திட்டு தெரிகிறது. உடனே மேல்வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகலாம். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கவும் செய்யலாம். திட்டு கழிவறைக்கு நேர் கீழே இருந்தால் மேல்வீட்டுத் தளத்திலிருந்து கசிவு. சன்னல் ஓரமாக இருந்து, காற்றோடு மழை அடித்த மறுநாள் பெரிதானால் வெளிச்சுவரில் விரிசல். கோடு போட்டாற்போல் நீளமாக இருந்தால் ஏர்கான் குழாய். தொட்டால் ஈரமா, காய்ந்து மஞ்சளாகிவிட்டதா என்றும் பார்ப்பீர்கள். போன வருடம் எடுத்த புகைப்படத்தில் அது இருந்ததா என்றும் தேடுவீர்கள்.

மூளைப் படத்தைப் படிப்பவரும் இதையேதான் செய்கிறார். ஒரே ஒரு வேறுபாடு: வீட்டுச் சுவரைக் கொத்திப் பார்த்துவிடலாம், மூளையை அப்படிக் கொத்த முடியாது. திசுவை எடுத்துச் சோதிப்பது மிக அரிதாக, வேறு வழியில்லாதபோது மட்டும் நடக்கும். அதனால் வெளித்தடயங்களை வைத்தே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

முதலில் இடம். எங்கள் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம். கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி வயலுக்கு, தண்ணீர் வரவில்லை என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர். மூளைக்குள்ளும் கடைமடை உண்டு. மேற்பரப்பிலிருந்தும் அடிப்பகுதியிலிருந்தும் நூல்போன்ற தமனிகள் ஆழத்தை நோக்கி நெடுந்தூரம் போகின்றன. ஒன்று அடைத்தால் பக்கத்துக் குழாயிலிருந்து தண்ணீர் திருப்பிவிட அங்கே நல்ல வழி இல்லை. அவற்றின் கடைமடை ஆழமான வெண்பொருள்தான். உயர் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ பல ஆண்டு இருந்து இந்தச் சிறு குழாய்களின் சுவர் தடித்துப்போனால் முதலில் காய்வது அந்த ஆழம். அதனால் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பில் திட்டுகள் ஆழத்திலும், மூளைத் தண்டுவட நீர் நிறைந்த அறைகளின் ஓரத்திலும், இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். மேற்பரப்புக்கு ஒட்டிய மெல்லிய பட்டை பெரும்பாலும் தப்பிவிடும். அந்தப் பட்டைக்குப் பாசனம் அருகிலேயே இருக்கிறது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் வேறு இடம் தேடும். அண்ணன் மகன் இணையத்தில் பார்த்துப் பயந்தது இதுதான். உடலின் எதிர்ப்பாற்றலே மையலினைத் தாக்கும் நோய் இது. இதில் திட்டுகள் மேற்பரப்பை ஒட்டியும், மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலத்திலும், சிறுமூளையிலும், தண்டுவடத்திலும் வரும். வடிவமும் தனி. நீர் அறைகளுக்குச் செங்குத்தாக, விரல்களை நீட்டியதுபோல் முட்டை வடிவில் நிற்கும். சிறு சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை, சுற்றியே இந்த அழற்சி வருவதால்தான் அந்த வடிவம். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் டாசன் இதை 1916இலேயே, எம்ஆர்ஐ என்ற பேச்சே இல்லாத காலத்தில், இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார். இன்றும் கதிரியக்க மருத்துவர்கள் அதை டாசனின் விரல்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம், ஈரம் இன்னும் காயவில்லையா என்ற கேள்வி. இதற்குக் கையில் ஊசி போட்டு கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிப் படம் எடுப்போம். இயல்பான மூளையில் ரத்தக்குழாய்ச் சுவர் அந்த மருந்தைத் திசுவுக்குள் விடாது. புதிதாக அழற்சி நடக்கும் இடத்தில் சுவர் தளர்ந்திருப்பதால் மருந்து உள்ளே கசிந்து ஒளிரும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் ஒரு புதுத் திட்டு இப்படி ஒளிர்வது பெரும்பாலும் சில வாரங்கள்தான். ஒரே படத்தில் சில திட்டுகள் ஒளிர்ந்து சில ஒளிராமல் இருந்தால், வெவ்வேறு காலத்தில் வந்தவை என்று தெரிந்துவிடும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைக் கண்டறிய 2001இல் இயன் மெக்டொனால்டு தலைமையிலான குழு வகுத்த விதிகளின் சாரமும் இதுதான்: நோய் இடத்தாலும் பரவியிருக்க வேண்டும், காலத்தாலும் பரவியிருக்க வேண்டும், வேறு காரணம் பொருந்தக் கூடாது. பிறகு பலமுறை திருத்தியிருக்கிறார்கள், காலத்தால் பரவியிருக்க வேண்டும் என்பது இப்போது எல்லாருக்கும் கட்டாயம் இல்லை. முதுகில் ஊசி போட்டு எடுக்கும் மூளைத் தண்டுவட நீரில் சில புரதப் பட்டைகள் தெரிந்தால் அதையும் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி நிபந்தனையைத்தான் இணையத்தில் தேடுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். வேறு காரணம் பொருந்தக் கூடாது.

சுருக்கமாக: எங்கே, என்ன வடிவம், புதிதா பழையதா என்ற மூன்றையும் சேர்த்தால்தான் திட்டு பேசத் தொடங்கும்.

படத்தைவிடப் படத்துக்குரியவர் முக்கியம்

ஒரே மாதிரி நான்கு சிறு புள்ளிகள். 70 வயதுக்காரர் தலையில் இருந்தால் ஒரு பொருள், 25 வயதுப் பெண்ணின் தலையில் இருந்தால் வேறு பொருள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 60 முதல் 90 வயது வரையிலான 1,077 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஒரு திட்டுகூட இல்லாதவர்கள் அதில் 5 விழுக்காடுதான். அந்த வயதில் திட்டு இருப்பதே செய்தி அல்ல, எவ்வளவு இருக்கிறது என்பதுதான் செய்தி.

அளவைச் சொல்ல ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபசேகாஸ் 1987இல் வெளியிட்ட ஒரு முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. திட்டு இல்லையென்றால் 0. ஊசிமுனைப் புள்ளிகள் என்றால் 1. புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் 2. சேர்ந்து பெரும் பரப்பாகிவிட்டால் 3. உங்கள் அறிக்கையில் ஃபசேகாஸ் என்ற பெயரோடு ஓர் எண் இருந்தால் அது இதுதான். புற்றுநோயின் கட்டங்களோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இளவயதுக்காரருக்குச் சில சிறு புள்ளிகள் தெரிந்தால், அடிக்கடி ஒற்றைத் தலைவலி வருமா என்று மருத்துவர் முதலில் கேட்பார். அந்தத் தலைவலி உள்ளவர்களுக்கு இப்படிப் புள்ளிகள் தெரிவது வழக்கம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டவர்களில் பலருக்கு உண்மையில் இருந்தது அந்தத் தலைவலிதான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வட ஐரோப்பியரிடம் அதிகம், ஆசியரிடம் மிகக் குறைவு என்பதையும் நம்மவர்கள் மறந்துவிடுகிறோம். குறைவு என்றால் இல்லை என்று பொருள் அல்ல. கண் பார்வை சில நாளில் மங்கி வலித்தாலோ, கால் மரத்துப் பலமிழந்தாலோ தள்ளிப்போடக் கூடாது.

ஆசியாவில் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துத் தேடுவார்கள். நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்று பெயர். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும். சிலருக்கு நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும்தான் முதல் அறிகுறி. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து அலைவார்கள். இதற்குக் காரணமான எதிர்ப்பொருளை 2004இல் கண்டுபிடித்ததால் இப்போது ரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் பிடித்துவிடலாம். அதற்கு முன் இதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றே பலருக்கு எண்ணியிருந்தார்கள். அந்த நோய்க்குத் தரும் சில மருந்துகள் இதை மோசமாக்கும். பெயரைச் சரியாகக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

மற்ற காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பி12 வைட்டமின் குறைந்தாலும் வெண்பொருள் கெடும். சைவ உணவுக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களும் இதைக் கேட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது. சாதாரண ரத்தப் பரிசோதனைதான், குறை இருந்தால் மருந்தும் உண்டு. நோய்த்தொற்றுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு ஒரே மூச்சில் பெரிய திட்டுகள் வரும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு வைரஸ் வெண்பொருளைத் தாக்கலாம். பிறவியிலேயே மையலின் சரியாக அமையாத மரபணு நோய்கள் உண்டு, அவற்றில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்தால் தோன்றுபவை. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்களா என்று மருத்துவர் கேட்டால் கோபப்படாதீர்கள். குற்றம் சாட்டவில்லை, தடயம் தேடுகிறார்.

"வயசானா வர்றதுதான்" என்பதும் பாதி உண்மைதான்

பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. பயந்தவர்களாவது மருத்துவரிடம் போவார்கள். "விடுங்க" என்று கேட்டவர் தாளை அலமாரியில் போட்டுவிடுவார்.

வயதோடு சில புள்ளிகள் வருவது உண்மை. ஆனால் ஒன்றுசேர்ந்து பரவிய திட்டுகள் பக்கவாதத்துக்கும் மறதி நோய்க்கும் உள்ள அபாயத்தைக் கூட்டுகின்றன. வந்த திட்டை அழிக்க மருந்து இல்லை, பரவும் வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த, உயர் ரத்த அழுத்தம் உள்ள 449 பேருக்குச் சுமார் நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை எம்ஆர்ஐ எடுத்து ஒப்பிட்ட முடிவு 2019இல் வெளிவந்தது. மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்குத் திட்டின் கொள்ளளவு 0.92 கன சென்டிமீட்டர் கூடியது. 140க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு 1.45 கூடியது. வேறுபாடு சின்னதுதான், ஆனால் அது வருடா வருடம் சேரும் கணக்கு. அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை, 120 எல்லாருக்கும் ஏற்ற இலக்கும் அல்ல. எழுந்தால் தலைசுற்றி விழும் முதியவருக்கு அது ஆபத்து. உங்கள் எண் எது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தபோது பலரும் கால், கண், சிறுநீரகத்தைத்தான் நினைத்தார்கள். சீனர்களைவிட நம்மிடமும் மலாய்க்காரர்களிடமும் சர்க்கரை அதிகம். மூளையின் கடைமடையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையோடு மருத்துவரிடம் போகும்போது

"நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்கவும்" என்று அறிக்கையில் வருவதைத் தட்டிக்கழிக்கும் வரி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் அறிக்கையிலேயே நேர்மையான வரி. படம் பார்த்தவர் தன் பாதியைச் சொல்லிவிட்டார், மறுபாதி உங்களிடம் இருக்கிறது என்று பொருள். அந்த மறுபாதியை எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் அளந்த ரத்த அழுத்தம், எடுக்கும் மாத்திரைகள், தலைவலி எப்போதிலிருந்து, நடை மாறியதை முதலில் யார் கவனித்தார்கள் என்பதெல்லாம் வேண்டும். கூட வாழ்பவரை அழைத்துப் போவது இன்னும் நல்லது. முன்பு எங்கேனும் தலைக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் எந்த ஆண்டு, எந்த மருத்துவமனை என்று சொல்லுங்கள். பழைய படம் சிடி ஸ்கேன் என்றால் பெரிய திட்டுகள்தான் அதில் தெரியும். ஆகவே அன்று இல்லை, இன்று இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு எந்தக் காரணம் மிகப் பொருத்தம்? அதை உறுதிசெய்ய இன்னும் என்ன சோதனை வேண்டும்? மறுபடி எப்போது பார்ப்பது? சில நேரம் இரண்டாவது கேள்விக்கு "ஒன்றும் வேண்டாம், ஓர் ஆண்டு கழித்து ஒப்பிடலாம்" என்பதே பதிலாக வரும். காலமும் ஒரு சோதனைதான், அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணன் அடுத்த வாரமே அண்ணியோடு பலதுறை மருந்தகத்துக்குப் போனார். ரத்த அழுத்தம் 168 காட்டியதாம். மாத்திரையைச் "சரியாயிட்டுது" என்று இரண்டு வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டதை அங்கேதான் அண்ணி முதல்முறையாகக் கேள்விப்பட்டார். இப்போது காலையும் மாலையும் அளந்து, மகன் வாங்கிக்கொடுத்த சின்ன நோட்டில் எழுதிவைக்கிறார். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்த நோட்டையும் மறக்காமல் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.